விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

சங்கச் செயலாளருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். ஊரில் அவருக்குப் பூட்டக்கா என்றே பெயர். அவர் காதில் விழாதவரைக்கும்தான்.

சங்கக் கட்டடத்துக்குத் தொண்ணூறு வயது. மாடியில் படிப்பகம், கீழ்க்கூடத்தில் தையல் வகுப்பு. கூடத்துச் சுவரில் உத்தரத்திலிருந்து ஒரு விரிசல் இறங்கியிருந்தது. பழைய கட்டடங்களைச் செப்பனிடப் பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். விரிசலுக்குக் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"சுவர் அசைஞ்சா இது உடையும்மா. மூணு மாசத்துல உடைஞ்சா இந்த வருஷமே பணம். இல்லேன்னா வரிசைதான், அஞ்சு வருஷம்கூட ஆகலாம்."

நகராட்சி அஞ்சு வருஷம் பொறுக்காது. கட்டடத்தை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஏற்கெனவே வந்தாயிற்று.

அக்கா இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் எவனாவது சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். "அது உடையவே கூடாது, பத்திரம்" என்று எல்லோரிடமும் தலைகீழாகச் சொல்லிவைத்தார். கண்ணாடியும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது. தினமும் அண்ணாந்து பார்த்து அவருக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

பொறியாளர் திரும்பி வரும் நாள் காலையில் பார்த்தால், கண்ணாடி நடுவில் பிளந்திருந்தது. அரை நிமிடம் அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். அப்புறம் வழக்கமான புத்தி தலைதூக்கியது. இத்தனை நாள் உடையாதது சரியாக இன்றைக்குத்தானா உடையும்?

பெருக்குகிற அம்மாவைப் பிடித்து விசாரித்தார்.

"உங்க தம்பிதான் அன்னிக்கொரு நாள் ஏணி போட்டு அங்க என்னமோ பண்ணிட்டிருந்தாரு."

தம்பியின் கண்ணாடிக்கடை எதிர்வரிசையில் இருந்தது. அக்கா போன வேகத்தில் தம்பி அளவுகோலைக் கீழே போட்டான்.

"பணத்தைப் பத்தி என் மேஜையில இருந்த அறக்கட்டளைக் கடுதாசியப் படிச்சிட்டுத்தான அதை உடைச்ச?"

"எந்தக் கடுதாசி? நான் எதையும் உடைக்கலக்கா."

"அப்ப ஏணி போட்டு என்ன பண்ணின?"

தம்பி திருட்டு முழி முழித்தான். அது போதும் அக்காவுக்கு. விடுவிடுவென்று திரும்பி நடந்தார். தம்பி கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

பொறியாளர் ஏற்கெனவே வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அதிர்ஷ்டக்காரங்கம்மா நீங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினார். மூன்று மாதமும் கண்ணாடியை யாரும் தொடவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போட்டால் கட்டடம் பிழைக்கும். பேனா அக்காவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊரையே சந்தேகப்பட்டவருக்குத் தன்னை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை.

"சார், இது தானா உடைஞ்சதில்ல. எல்லாம் என் தம்பி வேலை."

"உடைச்சது நான் இல்ல சார்" என்றான் பின்னாலிருந்து தம்பி. "ஒட்டினதுதான் நான். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை உடைஞ்சிருந்துச்சு. உடையவே கூடாதுன்னு அக்கா சொல்லுச்சேன்னு, அது கண்ணுல படறதுக்குள்ள அதே அளவுல வெட்டி மாத்தி வெச்சேன். இது ஒட்டிப் பத்து நாள்தான் ஆகுது."

பொறியாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். சுவரடியில் வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார்.

"பத்து நாள்லயே உடைஞ்சிருக்குன்னா சுவர் வேகமா நகருது. எல்லாரும் உடனே வெளிய போங்க. மிஷின் கிடக்கட்டும், ஆளுங்க போங்க."

"அப்ப பணம்?" என்றார் அக்கா.

"மொதல்ல முட்டுக் கொடுக்கணும்மா. கட்டடம் நின்னாத்தான பணம்?"

பதினெட்டுப் பெண்கள் தெருவில் வந்து நின்றார்கள். ஒருத்தியின் கழுத்தில் இன்னும் அளவுநாடா தொங்கியது. இத்தனை நாளும் இவர்களை அந்தச் சுவரடியில் உட்காரவைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. படிக்கட்டிலேயே உட்காரப் போனவரைத் தம்பி பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

"மொதத் தடவை உடைஞ்சப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

தம்பி கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"சொன்னா, நான்தான் உடைச்சேம்ப."