பதினோரு புறாக்கள்

நுரையீரல் டாக்டர் துக்கம் விசாரிக்க வருவதற்குள் பதினோரு புறாக்களையும் மறைத்தாக வேண்டும். மகள் துண்டை வீசியபடி மொட்டைமாடி முழுக்க ஓடினாள். ஒன்றுகூடக் கூண்டுக்குள் போகவில்லை. அவை விசிலுக்குத்தான் அடங்கும். ஊதும் அப்பாவோ கீழே கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். அவள் அந்த டாக்டரிடம் நோயாளிகளைக் குழாயில் ஊதவைத்து மூச்சளவு பார்ப்பவள். "இழுங்க... ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!" என்று நாளெல்லாம் கத்துவதுதான் வேலை. இரண்டு வருடம் முன்பு அப்பாவே வறட்டு இருமலோடு வந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் விசில் ஊதினவனுக்கு நீ ஊதக் கத்துத் தர்றியா?"

ஜம்பம்தான் பெரிது. பாதி மூச்சுதான் வந்தது. அடுத்து படிவம்: வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா? புறாத் தூசி சிலருடைய நுரையீரலைத் தழும்பாக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கெஞ்சலாகப் பார்த்தார். அவள் 'இல்லை' என்று எழுதினாள். காலையிலிருந்து அந்த ஒரு சொல்தான் உறுத்திக்கொண்டிருந்தது. அப்பாவை நானே கொன்றுவிட்டேனோ?

படியில் காலடிச் சத்தம். டாக்டர் மேலேயே வந்துவிட்டார். ஒரு வெள்ளைப் புறா, நேரம் காலம் தெரியாமல், அவர் தோளில் போய் உட்கார்ந்தது.

"சார்... அது பக்கத்து வீட்டுது."

"பதினொண்ணுமா?"

அவர் எண்ணவே இல்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் சார் ஃபார்ம்ல பொய் எழுதினேன்."

"அட போம்மா. அன்னைக்கே அவர் காலர்ல இறகு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஸ்கேன் பாத்ததும் சந்தேகமே இல்ல. புறாவக் குடுத்துடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நல்லாத் தலைய ஆட்டுவார். அடுத்த தடவை இன்னொரு இறகோட வருவார்."

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரே. புறாதான் காரணம்னு உனக்கு உறுதியாத் தெரிஞ்சா புறாவ விரட்டிட்டு, அவரைக் கூண்டுல போட்டுப் பூட்டிடுவியாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரிப்பது யார் என்று கீழே முற்றத்தில் தலைகள் நிமிர்ந்தன. கூண்டு ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துத் துடைத்து வாயில் வைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"நல்லா இழும்மா," என்றார் டாக்டர், புறாவோடு அசையாமல் நின்றபடி. "இப்ப ஊது, ஊது, ஊது!"

ஊதினாள். பத்துப் புறாக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தன. வெள்ளைப் புறா மட்டும் டாக்டரின் தோளிலிருந்து இறங்கி, அவசரமில்லாத கடைசிப் பயணியைப் போல நடந்து போய் ஏறிக்கொண்டது.