இறங்கின பந்தா, ஏறின பந்தா

மன்னார்ப் பக்கத்து அடம்பன் சந்தியில் சிவராணியின் தேத்தண்ணிக்கடை தகரக் கூரை போட்டது. அந்தக் கூரைக்கு மேலே ஒரு டிஷ் அன்ரெனா இருந்தது. காலையில் அதில் அமெரிக்கக் கூடைப்பந்து வரும். சில நாள் புது ஆட்டம், பல நாள் பழைய ஆட்டம். எதுவானாலும் ஏழு மணிக்கெல்லாம் கடைக்குள் சண்டை தொடங்கிவிடும்.

சண்டைக்காரர் மூன்று பேர்தான். கடைக்காரி சிவராணி ஒருத்தி. மீளக்குடியேறி முதல் போகம் விதைத்திருந்த சிங்கராசா இன்னொருவர். மூன்றாமவன் மீன்காரன் மஹ்மூது.

மஹ்மூது ஆறடி மூன்றங்குலம். மோட்டார் சைக்கிளில் இருந்தால் முழங்கால் இரண்டும் கைபிடிக்கு மேலே நிற்கும். எருக்கலம்பிட்டியில் பிறந்து, போர்க்காலத்தில், பன்னிரண்டு வயதில், ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்தவன். அங்கே பள்ளிக்கூட அணியில் கூடைக்குக் கீழே நின்று ஆடியவன். போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினான். அடம்பனில் அவனுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனாலும் சிவராணியின் கடைக்கு வராத நாள் அவனுக்கு நாளாகவே தெரியாது.

“தடுக்கிறதெண்டால் ஹக்கீம் ஒலாஜுவான்தான்,” என்பான். “அந்த மனிசன் தட்டின அளவு பந்தை வேற ஒருத்தனும் தட்டேல்ல. அதுவும் நோன்பு பிடிச்சுக்கொண்டு!”

“முட்டொம்போவை விட்டிட்டுக் கதைக்காதை,” என்பார் சிங்கராசா. “பந்தைத் தட்டிப்போட்டு ஒரு விரலை ஆட்டுவானே, அப்பிடி. என்ர வீட்டுக்கு வராதை எண்டு. அந்த விரலுக்கே பாதிப் பேர் பயந்திருப்பாங்கள்.”

சிவராணி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொல்லுவாள்: “ரெண்டு பேரும் கூடைக்குக் கீழ மரம் மாதிரி நிண்டவை. கேரி பேட்டன் அப்பிடியில்லை. பந்து வைச்சிருக்கிறவன்ர தோலோட ஒட்டிக்கொண்டு திரிஞ்சவன். பந்தை மேல எறிய விட்டால்தானே தட்டவேணும்? எறியவே விடக்கூடாது.”

சிவராணி நாலடி பதினொரு அங்குலம். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக்குத் தடுப்பாட்டக்காரியாக நின்றவள். அந்தப் பேச்சு வந்தால் குரலே மாறிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மஹ்மூது வாயை விட்டுவிட்டான். “தங்கச்சி, நீங்கள் ஒட்டிக்கொண்டு நிண்டாலும் நான் உங்கட தலைக்கு மேலால போட்டிட்டுப் போயிடுவன்.”

“ஓம், போடுங்கோ. நாளைக்குக் காலமை. மைதானத்துக்கு வாங்கோ நானா.” மஹ்மூதை அவள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்; முஸ்லிம்களிடையே அது அண்ணன்.

மைதானம் என்பது சின்னப் பிள்ளைகளுக்கென்று ஏதோ நிறுவனம் நட்டுக்கொடுத்த கூடைக்கம்பமும் ஒரு துண்டு சீமெந்துத் தரையும்தான். கூடை வழமையை விட ஓரடி கீழே. கம்பத்துக்குப் பத்தடி பின்னால் சிவப்புக் கயிறு கட்டி, மண்டையோடு போட்ட பலகை நட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் மிதிவெடி இன்னும் எடுத்து முடியாத காணி. சனம் அந்தப் பலகைக்குப் பழகிப்போயிருந்தது.

நடுவர் சிங்கராசா. சாரத்தை மடித்துக் கட்டி, விசில் இல்லாத குறைக்கு நாக்கை மடித்து ஊதினார். ஆளுக்கு ஐந்து தரம் போடலாம். மற்றவர் தடுக்கவேண்டும்.

முதலில் மஹ்மூது. பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். தரையில் பட்டு மேலே வந்த பந்து அவன் கைக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சிவராணியின் கக்கத்தில் இருந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தான். அவள் குனிந்து அவன் இடுப்புக்குக் கீழால் கையை விட்டுத் தட்டி எடுத்தாள். பந்து அவ்வளவு கீழே இருக்கிறது என்று மஹ்மூதுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலாவதை எப்படியோ உயர்த்திப் பிடித்துக் கூடைக்குள் போட்டான். ஐந்தாவதும் அவளிடமே போனது.

“ஒண்டு!” என்று சிங்கராசா கூவினார்.

அடுத்தது சிவராணி. முதல் நாலையும் மஹ்மூது ஈ அடிப்பதுபோல அடித்துத் தள்ளினான். நாலாவதுக்கு விரலையும் ஆட்டினான். “அது என்ர ஆளின்ர விரல்!” என்று நடுவர் கோபப்பட்டார்.

கடைசிப் பந்து. சிவராணி இரண்டடி பின்னுக்குப் போய், வானத்துக்கு எறிவதுபோல உயர எறிந்தாள். பந்து மேலே போய், வளைந்து, கூடையை நோக்கி வந்தது. மஹ்மூது துள்ளி ஓங்கி ஓர் அறை விட்டான். அது கம்பத்தைத் தாண்டி, சிவப்புக் கயிற்றைத் தாண்டி, குதித்துக் குதித்துப் போய் ஒரு ஈச்சம்பற்றைக்குப் பக்கத்தில் நின்றது.

ஆட்டச் சூட்டில் மஹ்மூது அதன் பின்னால் ஓடினான். கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கியபோது பின்னாலிருந்து சேட்டு இறுக்கியது. சிவராணி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பொத்தான் இரண்டு தெறித்தது.

“விசரே நானா உங்களுக்கு!”

காலைக் கீழே வைத்தான். மூன்று பேரும் அந்தப் பந்தைப் பார்த்தார்கள். சிங்கராசா நடுவரின் குரலில் தீர்ப்புச் சொன்னார். “சேட்டில பிடிச்சது பவுல். ஆனால் மஹ்மூது தட்டினது இறங்கின பந்து. இறங்கிற பந்தைத் தொடக்கூடாது. சிவராணிக்குப் புள்ளி. ஒண்டுக்கு ஒண்டு.”

“ஏறின பந்து அண்ணை!”

“இறங்கினது.”

ஊரில் இருந்த ஒரே பந்து அதுதான். அடுத்த மூன்று வாரமும் கடையில் ஹக்கீமும் இல்லை, பேட்டனும் இல்லை. ஏறினதா இறங்கினதா என்பதே கதை. தேத்தண்ணிக் குவளையைப் பந்தாக்கி, கரண்டியைக் கூடையாக்கி மஹ்மூது நிரூபித்துக் காட்டினான். சிவராணி குவளையைப் பறித்துக் கழுவப் போட்டாள்.

மிதிவெடி எடுக்கும் குழுவில் தக்சிகா என்று ஒருத்தி இருந்தாள். முகக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து மணித் தேத்தண்ணிக்கு வருவாள். மஹ்மூது மீன் விற்றுத் திரும்பும்போது அவளைக் கேட்டுவிட்டுத்தான் போவான்.

“எவ்வளவு கிடக்கு தங்கச்சி?”

“பதினொரு மீட்டர். காகம் ஒண்டு உங்கட பந்தில ஏறி இருக்குது.”

ஒருநாள் அவள் சிரிக்காமல் வந்தாள். கயிற்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள், பந்து போன வழியில், ஒன்று எடுத்திருந்தார்கள்.

மஹ்மூது தேத்தண்ணியை மேசையில் வைத்தான். காலைத் தூக்கிய இடத்தையும், அடுத்த காலை எங்கே வைத்திருப்பான் என்பதையும் மனம் திரும்பத் திரும்ப அளந்தது. சிவராணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் தன் சட்டையின் நுனியை ஒரு தரம் இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டது.

ஒன்பது நாள் கழித்துத் தக்சிகா பந்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெயிலில் வெளிறி, காற்றுப் போய், ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. சிங்கராசா உடனே எழும்பினார். “இப்ப சொல்லு மஹ்மூது. ஏறின பந்தா, இறங்கின பந்தா?”

மஹ்மூது பந்தை உருட்டிப் பார்த்தான்.

“இறங்கினதுதான் அண்ணை. கை படேக்கையே தெரியும்.”

“அப்ப இவ்வளவு நாளும்?”

“கதைக்க வேற என்ன கிடந்தது?”

சிவராணி சிரித்தாள். மோட்டார் சைக்கிள் பம்ப் இருக்கிறதா என்று கேட்டாள். மஹ்மூது பெட்டிக்கு அடியில் தேடி எடுத்தான். ஆனால் பந்துக்குள் காற்று விடும் ஊசி இல்லை. ஊசி மன்னாரில்தான் வாங்கலாம், நாளைக்குக் கொண்டுவாறன் என்றான்.

“கொண்டுவாங்கோ,” என்றாள் சிவராணி. “ஒண்டுக்கு ஒண்டில விடேலாது.”

தக்சிகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் ஒரு பக்கம் நிண்டு ஆடலாமோ?” என்று கேட்டாள்.

“நீ ஆரின்ர ஆள் பிள்ளை?” என்றார் சிங்கராசா, உசாராகி. “ஹக்கீமோ, பேட்டனோ, முட்டொம்போவோ?”

“அவையெல்லாம் ஆர்?” என்றாள் அவள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.