பூனைக்கு ஒன்றுமில்லை

மயிலாப்பூர் பக்கம் ஒரு ரகசியத்துக்கு இடம் பிடிப்பது கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கஷ்டம். டாக்டர் நீரஜாவுக்கு அது போன வாரம்தான் புரிந்தது. மந்தைவெளியில் நாய், பூனைகளுக்கு க்ளினிக் வைத்திருப்பவள். நாய்களுக்கு எழுதுகிற வலி மாத்திரையை அவளே விழுங்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. முதலில் இடுப்பு வலிக்கு. அப்புறம், கிழட்டு நாய்க்குக் கடைசி ஊசி போட்ட நாட்களில். இப்போது காரணமே தேவைப்படுவதில்லை. மருந்து பீரோவைத் திறந்தால் கை தானாகப் போகிறது. பயமும் வெட்கமும் அவளைப் பிடுங்கித் தின்றன. வெளியே தெரிந்தால் பெயர் போகும், லைசென்ஸும் போகலாம்.

கால்நடை மருத்துவர்களுக்கென்றே ஒரு ரகசிய உதவி எண் இருந்தது. துணிந்து கூப்பிட்டாள். இதே குழியில் விழுந்து எழுந்த டாக்டர் ஒருவர் நேரில் வந்து பேசுவார் என்றார்கள். எங்கே? பூங்காவில் உட்கார்ந்தால் நடக்க வருகிறவர்கள் பாதிப் பேர் "டாக்டர், இவனுக்கு பேதி" என்று நாயை நீட்டுவார்கள். காபிக் கடையிலும் அதே கதை. கடைசியில் அவளே ஓர் அபாரமான யோசனை சொன்னாள்: ஒரு பூனையோடு க்ளினிக்குக்கு வந்துவிடட்டும், யாருக்கும் சந்தேகம் வராது.

ராயப்பேட்டை டாக்டர் ஆசிஃப் பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி, கூடையில் போட்டு, ஆட்டோவில் வந்து இறங்கினார். யோசனையில் ஒரே ஓர் ஓட்டை. புதுப் பூனை என்றால் உதவியாளர் வசந்தி அதன் பிடரியை விடவே மாட்டாள். வெளியே இருக்கச் சொல்லிப் பார்த்தாள் நீரஜா.

"இன்னா டாக்டர், வெளயாடுறீங்களா? அது மூஞ்சப் பாருங்க. வுட்டா பொறாண்டிட்டுப் பூடும்."

வேறு வழியில்லை. ஆசிஃப் பூனையைச் சாக்காக வைத்தே ஆரம்பித்தார்.

"சாப்பாடு எப்படி, டாக்டர்?"

"ராத்திரி சாப்பிடறதே இல்ல," என்றாள் நீரஜா.

"தூக்கம்?"

"விட்டு விட்டுத்தான். எல்லார் முன்னாடியும் நல்லா இருக்கும். தனியா இருந்தா அழும்."

வசந்தி பூனையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். கேள்வியை டாக்டர் கேட்க, பதிலைப் பூனைக்காரர் சொல்வதுதான் அவள் அறிந்த வழக்கம்.

"மருந்து பீரோவ அதுவாவே திறக்குதா?" என்றார் ஆசிஃப்.

"சாவி அதுகிட்டதானே இருக்கு."

"பூனைகிட்டயா?" வசந்திக்கு விழி பிதுங்கியது.

நீரஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆசிஃபுக்கும் தோள் குலுங்கியது. "சாவிய வேற யார்கிட்டயாவது குடுத்துடணும் டாக்டர். நான் அப்படித்தான் தப்பிச்சேன். மாத்திரைய டக்குன்னு நிறுத்தக் கூடாது. அடையாறுல நம்பிக்கையான டாக்டர் ஒருத்தர் இருக்காங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க. எடை எவ்ளோ?"

மருந்தென்று பேச்செடுத்தால் எந்தக் கால்நடை மருத்துவர் வாயிலும் தானாக வந்துவிடுகிற கேள்வி அது. பதிலும் அப்படியே வந்தது.

"அறுபத்தெட்டு கிலோ."

வசந்தி பூனையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "டாக்டர், இது மூணு கிலோ கூடத் தேறாது."

முதலில் வெடித்தவர் ஆசிஃப். பின்னாலேயே நீரஜா. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், அது எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆசிஃப் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அது வந்தும்மா, தராசுல ஏதோ..." என்று மழுப்பப் பார்த்தார். நீரஜா கையமர்த்தினாள்.

"வசந்தி, பூனைக்கு ஒண்ணுமில்ல. நாய் மாத்திரைய நான்தான் முழுங்கிட்டிருக்கேன். நிறுத்த முடியல."

சொல்லிவிட்டாள். பயமாக இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

வசந்தியின் பிடி தளர்ந்தது. பூனை அலமாரி உச்சிக்குத் தாவியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாவி எங்க கீது?"

நீரஜா கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். விரல்கள் விட மறுத்தன. வசந்தி உள்ளங்கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் சாவி கை மாறியது. அவள் அதைத் தன் சங்கிலியில் தொங்கிய ஊக்கில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கே திருப்பிக் கேப்பேன், வசந்தி. அழுவேன். திட்டுவேன்."

"திட்டுங்க," என்றாள் வசந்தி. "குடுக்க மாட்டேன்னு சொல்லிக்கினே இருப்பேன்."