காலை எட்டு மணி ரத்தம்

அக்கா உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தாள். இந்த வாரத்தில் நான்காவது முறை. நோட்டில் நேரத்தைக் குறித்தேன்.

"என்னடி, போலீஸ்காரி மாதிரி எழுதிக்கிட்டே இருக்க?"

"டாக்டர் கேட்டா சொல்லணும்ல?"

ஐந்து மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். இருமல் நின்றுவிட்டது. ஆனால் எடை ஏறவில்லை. எழுந்தால் தலை சுற்றுகிறது. கைரேகைகளும் ஈறும் கறுத்துப் போயிருக்கின்றன. சட்டைக்குக் காலர் தைக்கும் தொழிற்சாலையில் அவளுடைய சூப்பர்வைசர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: சோம்பேறித்தனம்.

டாக்டர் வேறு மாதிரி சொன்னார். நுரையீரலில் இருந்த கிருமி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியையும் தின்றிருக்கலாம். அது கார்டிசால் சுரக்காவிட்டால் உடம்பில் தெம்பே நிற்காதாம். அந்தச் சுரப்பி கெட்டால்தான் இப்படி உப்புக்கு ஏங்குவதும் தோல் கறுப்பதுமாம். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் 'காலை 8 மணி' என்று தெளிவாகவே இருந்தது. நான்தான் அதை லேப் திறக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன். பகலில் எனக்கு ஜெராக்ஸ் கடை, பிறகு மாலை வகுப்பு. அக்கா வேலை முடிந்து வருவதே ஆறு மணிக்கு. எங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் மாலையில்தான். வகுப்புக்கு மட்டம் போட்டு, ஏழு மணிக்கு அவளை லேபுக்குக் கூட்டிப் போனேன். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தது.

"சாயங்காலம் கார்டிசால் யாருக்குமே கம்மியாத்தாம்மா இருக்கும், அதனால கம்மியா இருந்தாலும் நார்மல்னுதான் வரும்" என்றார் டாக்டர். "இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கே காலைல எடுங்க. நடுவுல வாந்தியோ மயக்கமோ வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

அதற்குள் அக்கா காட்டி, சூப்பர்வைசர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டிருந்தார். காலையில் இரண்டு மணி நேரம் போனில் அனுமதி கேட்ட அக்காவிடம், "அதான் நார்மல்னு போட்டிருக்கே! நாளைக்கு எட்டு மணிக்கு மெஷின்ல இல்லேன்னா அப்புறம் வரவே வேணாம்" என்றாராம்.

"நான் பண்ண தப்புக்கு உன் வேலை போகணுமாக்கா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை லேப் லீவுன்னு உன் நோட்டுல எழுதலையா?" உப்புக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "அஞ்சு மாசமா சோம்பேறின்னு கேட்டாச்சு. என் ஒடம்புக்கு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்த மெஷின்ல உக்காருவேன். உக்கார விடலேன்னா போகட்டும். நீ காலைல எழுப்பு, அது போதும்."

மறுநாள் அந்தச் சீட்டை நான்கு முறை படித்தேன். ஏழு ஐம்பதுக்கே லேபில் இருந்தோம். நர்ஸ் அவள் கையில் ரப்பர் குழாயைக் கட்டி, நரம்பைத் தேடினார். மேசைமேல் வைத்திருந்த அக்காவின் போன் அதிர ஆரம்பித்தது. சூப்பர்வைசர். நான் கை நீட்டினேன்.

"விடுடி."

போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. அக்கா அதையே பார்த்தபடி, மூடிய விரல்களை இன்னும் இறுக்கினாள். ஊசி இறங்கியது.