நாலாவது கால்

"இது ரத்தமா பாப்பா?" என்று அண்ணி என்னிடம் கேட்டாள். வக்கீலம்மாவின் அலுவலக அறைக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தாள். ஒரு கையில் வாளி. தோளில் எங்கள் வீட்டுத் துண்டுகள் அத்தனையும்.

இல்லை என்று தலையாட்டினேன். அண்ணன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பெரிய மேசையை நானும் அவனும் அப்போதுதான் சுவரோரம் நகர்த்தியிருந்தோம். அது நின்ற இடத்தில், வெளிர் சாம்பல் நிறக் கம்பளத்தின் மேல், நான்கு கால்களுக்கும் நான்கு செந்நிறக் கறைகள்.

முந்தைய நாள் சாயங்காலம் அண்ணன் வாடகை மெஷினை வைத்துக் கம்பளத்தைக் கழுவினான். நன்றாகக் காயும்வரை மேசையை வெளியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டையாவது சொருக வேண்டும். அவன் இரண்டும் செய்யவில்லை. வக்கீலம்மா வரும்போது எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் அசந்துபோவார் என்று நினைத்து, ஈரத்தின் மேலேயே மேசையை இழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். மரத்துக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். அது விடிவதற்குள் கம்பளத்தில் இறங்கிவிட்டது. காலையில் மெஷினை எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் பார்த்தோம். உடனே அண்ணிக்கு போன் போட்டு, துண்டுகளோடு வரச் சொன்னான்.

இது அவன் தனியாக எடுத்த முதல் வேலை. பழைய மேஸ்திரியிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான். இந்த ஓர் அறை திருப்தியாக இருந்தால் கட்டடம் முழுக்க அவனுக்கே என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். இல்லையென்றால் மேஸ்திரி வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"எத்தனை மணிக்கு வருவாங்க?" என்றாள் அண்ணி.

"பத்து மணிக்கு. வாயடிக்காம வேலையில கைய வை."

"எனக்கு வாய் ஓடுனாத்தான் கை ஓடும். நம்ம பாப்பாவுக்கும் சேத்து நான்தானே பேசணும்."

அது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வரும், பேச வராது. அதனாலேயே பாதியில் நின்றேன். கம்பளம் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அண்ணனோடு வேலைக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

மருந்துக்கடையில் வாங்கி வந்த ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒத்தினோம். துணியில் சிவப்பு ஏறியது. துணியைத் திருப்பினோம், மறுபடி ஒத்தினோம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வினிகர், தண்ணீர். முதல் கறை மங்கி மங்கிக் காணாமல் போனது. அண்ணி கொண்டு வந்திருந்த, தலைமுடி காய வைக்கும் மெஷினை அண்ணன் அதன் மேல் பிடித்தான்.

காயக் காய அது திரும்பி வந்தது. அடியில் இருந்த சாயம் நூல் வழியாக மெதுவாக மேலே ஏறியது. அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அடியிலயே ஊறிக் கெடக்கு," என்றாள் அண்ணி. "மேல காய வச்சா எப்படிப் போகும்? நனைச்சு, துண்டப் போட்டு அமுக்குவோம். துண்டு உறிஞ்சட்டும்."

துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். "என் எடைய ஊரே கிண்டல் பண்ணுச்சு. இன்னைக்காச்சும் சோறு போடுதா பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அது வேலை செய்தது. நனைப்போம், அவள் ஏறி நிற்பாள், துண்டை மாற்றுவோம். ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவதில் கண்ணுக்குத் தெரியாத அளவு நிழல் மட்டும் மிச்சம். எங்கள் துண்டுகள் எல்லாம் சிவந்து குவிந்து கிடந்தன.

நாலாவதற்கு அண்ணனுக்குப் பொறுமை இல்லை. பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

"தேய்க்காதீங்க, பரவிடும்."

"மணியப் பாத்தியா நீ?"

"பாத்தேன். அதுக்காக இப்படியா? ஒத்துங்க."

அவன் கேட்கவில்லை. கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. நூல் பிய்ந்து சிலிர்த்துக்கொண்டு நின்றது. அண்ணி அவன் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கி வாளியில் போட்டாள். கடைசித் துண்டைப் போட்டு மேலே ஏறி நின்றாள். அப்போது கதவு திறந்தது.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். துண்டுக்கு வெளியே தெரிந்த சிவப்பைப் பார்த்தார்.

"என்னப்பா இது? உங்களை நம்பித்தானே சாவியக் குடுத்தேன். யாரு பண்ணது?"

அண்ணன் எழுந்தான்.

"தங்கச்சிங்கம்மா. தெரியாம ஈரத்துல மேசையத் தள்ளி வச்சிட்டா. நான் இல்லாத நேரம்."

அண்ணி வாயைத் திறந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அப்படி ஒரு கெஞ்சலை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, பாத்துச் செய்யக் கூடாதா?" என்று வக்கீலம்மா என்னிடம் கேட்டார். நான் நின்றேன். அதுதான் எனக்கு வரும்.

வக்கீலம்மா குனிந்து மற்ற மூன்று இடங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். "இதையெல்லாம் சுத்தமா எடுத்திருக்கீங்க. சரி, ஒண்ணுதானே, காஞ்சதும் குப்பைக்கூடைய அது மேல வச்சுக்கறேன். அடுத்த வாரம் மாடிய ஆரம்பிங்க. ஆனா இந்தப் பொண்ணு வேண்டாம். நீங்க மட்டும் வாங்க."

"சரிங்கம்மா. ரொம்ப நன்றிங்கம்மா," என்றான் அண்ணன்.

வக்கீலம்மா பக்கத்து அறைக்குப் போனார். அண்ணன் மூச்சை விட்டான். என் பக்கம் திரும்பாமலே அண்ணியைப் பார்த்துச் சிரித்தான். "கெடச்சிருச்சு. பாத்தியா? மாடி முழுக்க."

அண்ணி துண்டிலிருந்து இறங்கினாள். அதை எடுத்துப் பிழிந்தாள். மற்ற துண்டுகளோடு சேர்த்து வாளியில் போட்டு, வாளியை அண்ணனின் காலடியில் வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட? மெஷினத் தூக்கணும், நீயும் ஒரு பக்கம் பிடி," என்றான் அண்ணன்.

காலையிலிருந்து வாய் ஓயாதவள், வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.