வெற்றிலை வாஷும் ரபேலின் தலைமுடியும்

1.

இந்தக் கதை ஒரு கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் பிறந்தது. இருமலுக்காக பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக் ஒன்றுக்குப் போனவன், அவசரத்தில் பெண்கள் பக்கம் நுழைந்துவிட்டேன். கதவில் ஒரு சுவரொட்டி: ‘கருப்பைவாய்ச் சோதனைக்கு மாதிரியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.’ வெளியே பேச்சுக்குரல். வர வெட்கப்பட்டு அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஞானம் வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி எழுத்தாளனுக்குக் கிடையாது.

2.

முதல் தொடக்கம்: ‘ஜோசஃபினின் உடலுக்குள், இருளில், ஒரு வைரஸ் காத்திருந்தது. அதன் கண்கள்...’

(வைரஸுக்குக் கண் கிடையாது. அடித்தாயிற்று.)

அடுத்தது: ‘பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனி அலுவலகத்தை நிர்வகிக்கும் ஜோசஃபினுக்கு, கீழே ஒரு பிரச்சினை...’

“கீழேன்னா எங்க? கிரவுண்ட் ஃப்ளோர்லயா?” ஜோசஃபினே குறுக்கிட்டாள். “யோனின்னு எழுதுங்க சார். பேரைச் சொல்லவே வெக்கப்படுற ஆளு, இந்தக் கதைய ஏன் லா எடுத்தீங்க?”

நாம்தான் உருவாக்குகிறோம், நம்மையே அதட்டுகிறார்கள். சரி. யோனி. எழுதிவிட்டேன். கூரை அப்படியே இருக்கிறது.

3.

டாக்டர் ஷாமினி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். “போன வருஷம் இருந்த அதே எச்.பி.வி. வைரஸ்தான் அக்கா. நெறைய பேருக்குத் தானாவே போயிரும். உங்களுக்குத் தங்கிருச்சு.”

“கேன்சரா?”

“இல்ல. ரொம்ப நாள் தங்குனா அப்படி மாறலாம். அதனால அடுத்து கருப்பைவாயை லென்ஸ் வெச்சுப் பெருசாக்கிப் பார்க்கணும். பயந்துகிட்டு வராம இருந்துராதீங்க. ஆமா, உள்ள எதுவும் போட்டுக் கழுவுறீங்களா?”

ஜோசஃபின் பெருமையாக நிமிர்ந்தாள். “வெத்தல வாஷ், டாக்டர். பாசார் கடைல வாங்குறது. போன ரிசல்ட் வந்ததிலேருந்து தினம் ரெண்டு வேளை!”

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “யோனிக்குள்ள நல்ல பாக்டீரியா இருக்கு. லாக்டோபாசிலஸ்னு பேரு. அமிலம் சுரந்து காவல் காக்கும். அது குறைஞ்சவங்ககிட்ட வைரஸ் தங்குறது அதிகம்னு ஆய்வுல பாத்திருக்காங்க. நீங்க காவலுக்கு நிக்கிற ஜாகாவையே கழுவி வெளிய அனுப்பிட்டிருக்கீங்க அக்கா.”

(வாசகர் கவனத்திற்கு: வைரஸ் தங்கியதற்கு வெற்றிலைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. தாம்பூலத் தட்டில் அதன் இடம் பத்திரம்.)

“இது எப்படி வருது, டாக்டர்?”

“உடலுறவுல. ஆனா எப்போ வந்துச்சு, யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. பல வருஷம் சத்தமில்லாம இருக்கும்.”

ஜோசஃபினுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் நின்றது. போன வருடத்து முடிவையே அவள் கணவர் ரபேலிடம் சொல்லவில்லை. அவர் வாசலில், பார்க்கிங் சம்மன் பயத்தில், கார் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்.

4.

ரபேலைச் சந்தேகப் பேர்வழியாக எழுதிப் பார்த்தேன். “யாருடி அவன்?” என்று கத்த வைத்தேன்.

“என் வீட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளு இல்ல,” என்றாள் ஜோசஃபின்.

“அப்புறம் ஏன் அவர்கிட்டச் சொல்லப் பயப்படுறீங்க?” என்றேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

5.

கிளாங் போகும் நெடுஞ்சாலையில் வழக்கம்போல நெரிசல். ஜோசஃபின் சுலபமான சேதியிலிருந்து தொடங்கினாள்.

“ஏங்க, அந்த வெத்தல பாட்டில இனிமே வாங்க வேணாமாம்.”

“ஐயையோ! அது போட்டதிலேருந்துதான் எனக்கு முடி கொட்டுறது நின்னிருக்கு.”

“முடியா? தலைக்கா போட்டீங்க?”

“பாத்ரூம்ல இருந்துச்சு, இலை படம் வேற. ஷாம்பு இல்லையா அது?”

ஜோசஃபின் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை. ரபேல் ரேடியோவை அணைத்தார்.

“என்னம்மா?”

சொன்னாள். வைரஸ், போன வருடம், அது வரும் விதம், அடுத்த சோதனை, எல்லாவற்றையும்.

6.

ஒரு முடிவில் ரபேல் அவள் கையைப் பிடித்தார். பின்னால் லோரி ஹார்ன் அடித்தது. (சினிமா.) இன்னொன்றில் வீடு வரை அவர் பேசவே இல்லை. (அதைவிடச் சினிமா.)

என்னால் ஆனது இவ்வளவுதான். இப்படி ஒரு சேதியை உங்கள் வீட்டில் ஒருத்தி சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, ரபேலும் அதையேதான் சொல்வார். நெரிசல் விடவில்லை; யோசிக்க நேரம் இருக்கிறது. ரொம்பவும் யோசிக்காதீர்கள். ஜோசஃபின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.