ஒரு பைனாகுலருக்கு இரண்டு பேர்

மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, நகராட்சிப் பூங்காவின் கிழக்கு வாசலில், அந்த வசந்த காலத்தின் முதல் இயற்கை நடைக்காகப் பதினான்கு பேர் கூடினார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்தவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணுக்கெல்லாம் பார்வை கொடுத்தவர், ஒரு பறவையையும் நின்று பார்த்ததில்லை. காக்கை, காக்கை அல்லாதது என்று இரண்டே வகைதான் அவருக்குத் தெரியும்.

அவர் வந்தது பறவைக்காக அல்ல. கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்ற வந்த தபால்காரர், பேச்சோடு பேச்சாக, "உங்க சம்பந்தியம்மாவும் ஞாயித்துக்கிழமை எங்களோட நடக்க வராங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தபால்காரருக்கு ஊரிலுள்ள விலாசமெல்லாம் அத்துப்படி. விலாசம் அப்படியே இருக்க உறவு மட்டும் மாறிப்போன செய்தி அவருக்கு இன்னும் எட்டவில்லை.

கண்ணாடிக்காரரின் மகனுக்கும் மருமகளுக்கும் போன இலையுதிர் காலத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. மகன் வேலை தேடிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டான். ஆறு வயதுப் பேத்தி, தாயோடு சம்பந்தியம்மாவின் வீட்டில். அதன்பிறகு கண்ணாடிக்காரர் ஒரே ஒரு தடவை அந்த வீட்டுப் படியேறினார். கதவைத் திறந்த மருமகள் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. "என்ன விஷயமா வந்தீங்க?" என்றுதான் கேட்டாள். வீட்டு மனிதரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்" என்று உளறிவிட்டு இறங்கினார். உள்ளே குழந்தை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பேத்தியைப் பார்க்க வழி கேட்க வேண்டும். கேட்கக்கூடிய ஒரே ஆள், அதோ பத்தடி தள்ளித் துணித் தொப்பியோடு நிற்கும் அந்த அம்மாள்தான். ஆனால் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? இத்தனை வருஷமாக வாய் நிறைய 'சம்பந்தி' என்று கூப்பிட்டாகிவிட்டது. இனி அப்படிக் கூப்பிட்டால் 'எந்தச் சம்பந்தத்தில்?' என்று கேட்கலாம். 'மேடம்' என்றால் கடைக்கு வந்த வாடிக்கையாளர் மாதிரி. 'அம்மா' என்றால் தன்னைவிட இரண்டு வயது இளையவளை வயதாக்கியதுபோல. 'சகோதரி' என்றால் ஓட்டுக் கேட்க வந்தவன் பேச்சு. கூப்பிடச் சொல் கிடைக்காமல் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாளும் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அதே சங்கடம்தானோ என்னவோ.

நடையை நடத்தியவர் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியை. வார்த்தைக்கு வார்த்தை வாயில் விரல் வைப்பதால் அவருக்கு 'உஷ் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பைனாகுலர் வச்சிருக்கிறவங்க இந்தப் பக்கம், இல்லாதவங்க அந்தப் பக்கம். ஒண்ணுக்கு ரெண்டு பேர். சண்டை போடக் கூடாது" என்றார் டீச்சர்.

கண்ணாடிக்காரர் சும்மா வந்தால் சந்தேகப்படுவார்களே என்று கடையிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருந்தார். டீச்சர் எண்ணிக்கொண்டே வந்து, யார் எவர் என்று அறியாமல், துணித் தொப்பியை அவர் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்றார் தபால்காரர்.

"உஷ்!"

பூங்காவில் மரங்கள் துளிர்விடத் தொடங்கியிருந்தன. தொட்டால் ஒட்டும்போல இளம்பச்சை. மரங்கொத்தி ஒன்று தச்சன் அவசர வேலை எடுத்த மாதிரி தட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். கண்ணாடிக்காரர் பைனாகுலரை நீட்டினார். அவள் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணில் வைத்துப் பார்த்து, "மங்கலா இருக்கு" என்றாள், மரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

அவர் வாங்கி, இடது பக்கத்து வளையத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு இடது கண்ணில் பவர் கூடுதல். அவள் போட்டிருந்த கண்ணாடியே அவர் செய்து கொடுத்ததுதான்.

"ம். இப்பத் தெரியுது."

அதோடு சரி. பூங்காவின் பின்வாசல் வரை இருவரும் 'இதோ', 'அதோ', 'அங்க' என்ற மூன்று சொற்களில் காலம் தள்ளினார்கள். உருகிய பனிநீர் சேர்ந்து ஆறு கரை தொட்டு ஓடியது. ஒரு மீன்கொத்தி நீலக்கோடு இழுத்தாற்போல் பறந்தது. தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பிரஸ் தபால்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நடை முடிய இன்னும் பாதி வழிதான் இருந்தது. வாயில் இருப்பதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆறு வளையும் இடத்தில் பாதை முடிந்து கூழாங்கல் திட்டு ஆரம்பித்தது. அங்கே ஒரு பறவை தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தித் தீர்த்தது.

"அது ஆள்காட்டி" என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஆள் வந்தா ஊருக்கே சொல்லிடும். கூடு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். யாரும் கல்லுமேல..."

கண்ணாடிக்காரர் அதைக் கேட்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் அழுத்தி அந்தப் பறவையின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். முதல் முறையாக ஒரு பறவை பளிச்சென்று கிடைத்திருந்தது. கிடைத்ததை விட மனமில்லை.

"சம்பந்தி! காலைத் தூக்குங்க!"

தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கீழே கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். புள்ளிகள்கூடக் கல்லின் புள்ளிகள்தான். கூடு என்று ஒரு துரும்பு கிடையாது. அசைந்தால் விழுவோம், விழுந்தால் முட்டை போயிற்று என்று கண்ணாடிக்காரர் கொக்காக நின்றார்.

"அப்படியே நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள் அந்த அம்மாள். "நீங்கதான் ஒத்தக்கால்ல நிக்கிறதுல கெட்டிக்காரராச்சே. கல்யாணத்தப்பவும் இப்படித்தான், எம்பொண்ணுதான் மருமகளா வேணும்னு நின்னீங்க."

தபால்காரர் சிரித்த சிரிப்பில் ஆள்காட்டியே ஒரு நொடி வாயை மூடியது. உஷ் டீச்சருக்கு விரல் வாய் வரை போகவில்லை, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் பின்னால் காலை வைத்துப் பாதைக்கு வந்து சேர்ந்தார்.

"சம்பந்திகளா? சொல்லவே இல்லையே!" என்றார் டீச்சர்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். சொல் வெளியே வந்துவிட்டது. வாபஸ் வாங்க முடியாது. "ஆமா" என்றாள் கடைசியில். "ஒரு பேத்தி இருக்கா எங்களுக்கு."

குழு முன்னால் நகர்ந்தது. இவர்கள் இருவரும் பின்தங்கினார்கள்.

"குழந்தை எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. பேசினா காத்துதான் வருது. வாய் மட்டும் குறையல."

"பாக்கணும் சம்பந்தி."

"வீட்டுக்கு வேணாம்" என்றாள். "உங்கமேல எம்பொண்ணுக்குக் கோபமில்ல. உங்க முகத்துல உங்க புள்ள ஜாடை அப்படியே இருக்கு. கதவைத் திறந்ததும் அதைப் பாத்தா, அன்னைக்கு முழுக்க எம்பொண்ணு சாப்பிட மாட்டா. நான்தான பாக்கறேன்."

"அவங்க கேட்டாங்க, என்ன விஷயமா வந்தீங்கன்னு. எனக்குப் பதில் தெரியல."

"தாத்தான்னு சொல்ல வேண்டியதுதான? புருஷன் பொண்டாட்டிக்குத்தான் கோர்ட்டுல தீத்து விட்டாங்க. தாத்தாவையும் பேத்தியையும் யாரு பிரிச்சா?" அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. முன்னாலிருந்து 'உஷ்' வந்தது. குரலைத் தணித்தாள். "நானும் கூப்பிட்டிருக்கலாம். என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம விட்டுட்டேன். இங்க குழந்தைங்களும் வரலாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. எம்பொண்ணுகிட்ட கேட்டுப் பாக்கறேன். அவ வேணாம்னா வேணாம்தான். மறுபடி ஒத்தக்கால்ல நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

அதற்குள் ஆற்றின் நடுத்திட்டில் வாத்துகள் வந்து இறங்கின. அவர் பைனாகுலரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, வளையத்தைத் தானே திருப்பிச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு மழை. நடை நடக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பேத்தி வந்தாள். ஏழு மணிக்குக் கிழக்கு வாசலில் கொண்டுவந்து விட்டவள் அவளுடைய தாய். மாமனாருக்குத் தலையசைத்துவிட்டு நடை கிளம்பும் முன்பே போய்விட்டாள். ஒன்பதரை மணிக்குத் திரும்ப வந்து குழந்தையை அழைத்துப் போனாள்.